எண்ணெயை விட்டவர்

நாறும்பூநாதனின் அப்பா ஐம்பத்தொன்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். அண்ணனும் அதே ஐம்பத்தொன்றில், அதே மாதிரி. வருகிற தையில் நாறும்பூநாதனுக்கு ஐம்பத்தொன்று பிறக்கிறது. அந்தத் தையை நினைத்து அவர் மனைவி உலகம்மை ஒரு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை. அவர் நன்றாகத் தூங்கினார்.

ஆனி மாதம் ஜவுளிக்கடை மாடிப்படியில் ஏறும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. தென்காசிக்குப் புதிதாக வந்திருந்த தஞ்சாவூர்க்கார டாக்டரிடம் உலகம்மைதான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மூன்று உத்தரவு போட்டார். சுருட்டை விட வேண்டும். தினமும் நடக்க வேண்டும். எண்ணெயைத் தொடவே கூடாது.

முதல் இரண்டுக்கும் தலையாட்டிய மனிதருக்கு மூன்றாவதைக் கேட்டதும் முகம் செத்துப்போயிற்று. இருபது வருஷமாகச் சீசனில் ஒருநாள் தவறாமல் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர். ஆனாலும் உயிர் பெரிதல்லவா, விட்டார். தென்காசியிலிருந்து மூன்று மைல் நடந்தே போய், காய்ந்த தலையோடு அருவியில் நின்றுவிட்டு வந்தார். அவருக்கு வழக்கமாகத் தேய்த்துவிடும் சுடலைக்கண்ணு துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல வீட்டு வாசலில் நின்றான்.

"எங் கையில எதும் குத்தமா அண்ணாச்சி?"

"உங் கையில என்னலே குத்தம். டாக்டர் விடச் சொல்லிட்டாரு."

உலகம்மைக்கு மனசு கேட்கவில்லை. மனிதருக்கு இருந்த ஒரே ஆசையும் போயிற்று, வாய்க்காவது ருசியாகப் போடுவோம் என்று முடிவுகட்டினாள். அருவியிலிருந்து அகோரப் பசியோடு வருகிறவருக்குக் காலையில் பூரி. சாயங்காலம் ஆமவடை. நடுவில் வாய் சும்மா இருக்க வேண்டாமே என்று முந்திரிக்கொத்து. இருப்புச்சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஆவணியில் டாக்டர் எடை பார்த்தார். ஆறு ராத்தல் கூடியிருந்தது.

"எண்ணெயை விட்டீங்களா?"

"சொட்டுகூடத் தொடல அய்யா. தலை காஞ்சு கெடக்கு. கண்ணெல்லாம் எரியுது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தலையா?"

பிறகு, இவர் என்ன சாப்பிடுகிறார் என்று உலகம்மையைக் கேட்டார். அவள் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தேச்சுக்கறதை யாரும்மா வேண்டாம்னா? நான் சொன்னது திங்கற எண்ணெயை."

நாறும்பூநாதனுக்கு அது நல்ல சேதி. "அப்போ தேய்ச்சுக்கிடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். உலகம்மை வீடு வந்து சேரும்வரை பூரியையும் வடையையும் எண்ணிக்கொண்டே வந்தாள். இரண்டு மாதமாக எதைக் கொடுக்காதே என்றார்களோ அதையே தன் கையால் பொரித்துப் பொரித்துக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் இருப்புச்சட்டி பரணுக்குப் போனது. சட்டிக்கென்று வைத்திருந்த நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, புருஷனைப் புறவாசலில் உட்கார வைத்தாள்.

"அங்கன சுடலைக்கண்ணு தேய்ச்சுவிடுவாம்லா?"

"இன்னைக்கு நான் தேய்ச்சுவிடுதேன்."

"எண்ணெயோட மூணு மைலு எப்படிட்டி போக?"

"டாக்டர் நடக்கத்தான சொன்னாரு. நடங்க."

தலை, தோள், முதுகு என்று தேய்த்து வந்த கை நெஞ்சுக்கு வந்ததும் நின்றுவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே அது அடித்துக்கொண்டிருந்தது. உலகம்மை கையை எடுக்கவில்லை.

"என்னட்டி, நிறுத்திட்ட?"

"சும்மா இருங்க," என்றாள். "எண்ணெ இறங்கட்டும்."