சங்கத்துக் கம்ப்யூட்டர்

பாண்டிச்செல்விக்கு மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவள் புரோகிராமர். சர்வரைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். தலைமை அலுவலகம் வாங்கி அனுப்பிய ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேர் குப்பை என்று மேனேஜரிடமே சொன்னாள். எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்கிறவன் அட்மினே இல்லை என்றாள். தொழிற்சங்கம் டீ குடிக்க ஒரு சாக்கு என்று கேன்டீனில் உரக்கச் சொன்னாள்.

அப்படிப்பட்டவளைத் தேடி 2005 ஆடி மாதத்தில் சங்கச் செயலாளர் கன்னியப்பனே வந்தார். சுங்குவார்சத்திரத்தில், கடைமாடியில் இருக்கும் சங்க அறைக்கு யாரோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், ஓட வைத்துத் தர முடியுமா என்றார். பழைய மெஷின் என்றதும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. ஞாயிற்றுக்கிழமை போய், பழைய மெஷினிலும் ஓடும் லினக்ஸ் ஏற்றி, நோட்டீஸ் அடிக்கவும் புகார்களைப் பதியவும் வழி செய்தாள். முடித்துவிட்டு, மொத்த மெஷினையும் திறக்கும் பாஸ்வேர்டு தன்னிடம் மட்டும்தான் இருக்கும் என்றாள்.

கன்னியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒர்த்தர் வச்சதே சட்டம்னு இருக்கக் கூடாதுன்னுதாம்மா நாங்க சங்கமே வச்சிகினு கீறோம். அத யாரு வச்சிக்கிறதுன்னு எலெக்சன் வச்சிடலாம்."

"இது கம்ப்யூட்டரு அண்ணாச்சி. இதுல ஓட்டுப் போட்டா வைரஸ்தான் ஜெயிக்கும்."

"அப்ப நீயும் நில்லேன். ஆனா மெம்பரா இருக்கணும்."

தான் தொழிலாளி இல்லை, ஸ்டாஃப் என்றாள். போன வாரம் எத்தனை ராத்திரி சர்வர் ரூமில் உட்கார்ந்திருந்தாய், அதற்கு ஓவர்டைம் கொடுத்தார்களா என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். ஸ்டாஃபுக்கு ஏது ஓவர்டைம்? அந்த ராத்திரிகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே படியிறங்கினாள். பஸ்ஸிலும் அதே நினைப்பு. மறுவாரம் மெம்பரானாள்.

எலெக்சனில் அவளை எதிர்த்து நின்றவன் உச்சிமாகாளி. பெயின்ட் ஷாப்பில் வேலை, அவளைப்போலத் தென்காசிப் பக்கத்து ஆள். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை என்றாலும், யார் வந்தாலும் உட்கார்ந்து பழக விடுவேன் என்றான். அவளோ, உங்களில் பாதிப் பேர் பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி வைப்பீர்கள் என்றே பேச்சைத் தொடங்கினாள். அவளுக்காகத் தூக்கிய கைகள் இரண்டே இரண்டு: ஒன்று அவளுடையது, இன்னொன்று பாவம் பார்த்த கன்னியப்பனுடையது. பாஸ்வேர்டு உச்சிமாகாளி கைக்குப் போனது.

சில நாட்களில் உச்சிமாகாளி பஸ் ஸ்டாப்பில் முகம் வெளிறி நின்றான். கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறதே என்று எதையோ அழிக்கப்போய், பதிந்திருந்த புகார்கள் அத்தனையும் போய்விட்டன.

"எல்லாம் போச்சுக்கா."

"எங்கயும் போவலை. ஒங்கிட்ட குடுக்கதுக்கு முந்தியே சிடியில காப்பி எடுத்து வச்சேன். நடுவுல சேந்தது மட்டுந்தான் போச்சு. வா, மொதல்ல ஏத்துவோம். பொறவு திட்டுதேன்."

அடுத்த கூட்டத்தில் அவள் யாரையும் திட்டவில்லை. பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் இருக்கட்டும், நகல் எடுக்கும் வேலையை மூன்றாவது ஆள் பார்க்கட்டும் என்றாள். இதையே கம்பெனியில் சொன்னபோது மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெம்பர் மீனம்மாள், அந்த மூணாவது ஆள் லீவில் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

பாண்டிச்செல்வி அதை யோசித்திருக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு வழி சொல்ல, வாக்குவாதம் சூடு பிடித்தது. தலைமை தாங்க வந்தவரே நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார். கூட்டம் கலைந்த பிறகும் அவள் விடவில்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, மீனம்மாள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று உச்சிமாகாளியிடம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனாள்.