சந்தேகம்னா பிரேக்

வெர்னா ஹாஸ்கலுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் ஆர்கன்ஸா மாநிலத்தையே கிடுகிடுக்க வைத்த டன்மோர் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி, ஊர் செல்லமாகக் 'கொக்குகள்' என்று கூப்பிடும் அணி, இப்படிக் குட்டிச்சுவராகப் போனதற்கு யார் காரணம்? அடுத்த வீட்டு வம்பு இல்லை இது. அணியின் தலைமைப் பயிற்சியாளன் ராய்ஸ் அவள் பெற்ற பிள்ளை. இன்றைக்கும் தோற்றால் திங்கட்கிழமை அவன் சீட்டுக் கிழிந்துவிடும் என்று பெட்ரோல் பங்க்கில் கூடப் பேசிக்கொண்டார்கள்.

மகனைக் கேட்டால் "எல்லாம் சரியாயிடும்மா" என்பான். அரங்கத்தின் உச்சியில் பயிற்சியாளர் குடும்பங்களுக்கென்று இருக்கும் கண்ணாடி அறையில் கேட்டால், எல்லோரும் பல்லைக் காட்டிவிட்டுக் கேக் துண்டை நீட்டுவார்கள். கேக் தின்று தின்று வெர்னாவுக்கு நாக்கு செத்துவிட்டது. உண்மை வேண்டுமென்றால் வெளியே கூடாரம் போட்டுக் கறி வாட்டுகிற ரசிகர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று தீர்மானித்து, ஆட்டம் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே வடக்கு வண்டி நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அங்கே பிக்கப் வண்டிகள் பின்பக்கத்தைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றன. எங்கு பார்த்தாலும் புகை, நீலக் கூடாரம், பன்றி விலா வாசனை. ஒரு கூடாரத்தில் மட்டும் கூச்சல் பலமாக இருந்தது. அதுதான் தனக்கு ஏற்ற இடம் என்று தோன்றியது அவளுக்கு. சண்டை நடக்கிற இடத்தில் பொய் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

உள்ளே தலையை நீட்டி, யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள். "ஏங்க, நம்ம டீம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

நீல ஏப்ரன் கட்டிய பருத்த மனிதர் ஒருவர் கையிலிருந்த இடுக்கியை மார்போடு வைத்துக்கொண்டு, கோயிலில் மணி கேட்டவர் மாதிரி நெகிழ்ந்து போனார்.

"மேடம், இந்தக் கேள்வியோட வந்தவங்களை நாங்க வெறும் வயித்தோட அனுப்பினதே இல்ல. உக்காருங்க, உக்காருங்க."

ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. சிவப்பு நாற்காலி. கொக்குகளின் ஜென்ம விரோதியான எதிரணியின் நிறம் அது. கால் வலித்ததால் வெர்னா நிறத்தைப் பார்க்கவில்லை, உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், கூடாரமே கை தட்டிக் குதித்தது.

"மாட்டிக்கிட்டாங்கடா!"

பருத்தவர் க்ளீட்டஸ், வாரநாட்களில் பல் டாக்டர், சனிக்கிழமைகளில் நீதிபதி. அவர்தான் விளக்கினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் இங்கே வழக்கு நடக்கும். அணியின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று யாரையாவது கூண்டில் ஏற்றுவார்கள். ஏறுகிறவர் நேரில் வரமாட்டார் என்பதால், சிவப்பு நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவருக்காக வாதாட வேண்டும். விளையாட்டுத்துறை இயக்குநர், பந்து எறியும் பையன், செயற்கைப் புல்தரை, வாத்தியக் குழு போன வருஷம் மாற்றிய மெட்டு என்று எல்லோரையும் எல்லாவற்றையும் விசாரித்தாயிற்று.

"இன்னும் இயக்குநர்தான்யா குத்தவாளி," என்றான் டிராக்டர் விற்கும் மார்லின், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். "அந்தாளுக்குப் பந்து முட்டையா உருண்டையான்னே தெரியாது."

"அந்த வழக்கு முடிஞ்சு போச்சு, தின்னுடா," என்றார் நீதிபதி.

"இன்னிக்கு யார் மேல?" என்று கேட்டாள் வெர்னா. ராய்ஸ் பெயர்தான் வரும் என்று எதிர்பார்த்தாள். அதைக் கேட்கத்தானே வந்தது.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ட்வைலா எழுந்து நின்றாள். அவள்தான் அரசுத் தரப்பு. குளிர்ச்சட்டையின் பொத்தானைக் கழற்றி உள்ளே போட்டிருந்த மஞ்சள் பனியனைக் காட்டினாள். அதில் ஒரு பிரேக் பெடல் படம், அதை மிதிக்கிற ஒரு பெண்ணின் செருப்புக் கால்.

"கோச்சோட அம்மா மேல," என்றாள் ட்வைலா.

வெர்னா கையிலிருந்த விலா எலும்பைத் தட்டில் வைத்தாள்.

"நீதிபதி அவர்களே, பத்து கஜம் முன்னேற நமக்கு நாலு வாய்ப்பு. மூணு போச்சு. இன்னும் ஒரு கஜம்தான் பாக்கி. ஒரு கஜம்! எங்க பாட்டி தடுக்கி விழுந்தாக்கூட அந்தத் தூரம் விழுவா. நம்ம ஆளு என்ன பண்றாரு? பந்தை உதைச்சு எதிரிகிட்டயே தூக்கிக் குடுத்துடறாரு. ஏன்யான்னு பத்திரிகைக்காரங்க கேட்டா, ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். 'எங்கம்மா ஸ்கூல் பஸ் ஓட்டினவங்க. சந்தேகம்னா பிரேக்னு சொல்லித்தான் என்னை வளத்தாங்க.' பஸ் ஓட்டிக் காலேஜ் டீமைக் கவுத்த ஒரே பொம்பளை உலகத்துலயே அந்தம்மாதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். 'கொக்குக்கு ஒன்றே மதி' என்பது டன்மோரில் நடத்திக் காட்டப்படும் பழமொழி. ராய்ஸுக்கு இருந்த ஒரே மதி அவன் தாய் கொடுத்தது. அந்த வாக்கியம் பேப்பரில் வந்தபோதெல்லாம் வெர்னா அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். கதவே தெரியாத அளவுக்கு ஒட்டியிருந்தாள். பிள்ளை தன்னைப் பெருமையாகச் சொல்கிறான் என்று நினைத்திருந்தாளே தவிர, ஊர் அதைப் பனியனில் அச்சடித்துச் சிரிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முகம் சுட்டது. நான்தான் அந்தப் பொம்பளை என்று சொல்லி எழுந்து போய்விடலாம். ஆனால் போனால் மறுபடியும் கேக்தான். மிச்சத்தையும் கேட்டுவிட வேண்டும் என்ற குறுகுறுப்பு அவமானத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"நிஜமாவே ஒவ்வொரு தடவையும் உதைச்சிடறானா... உதைச்சிடறாரா?"

"போன வாரம் எதிரியோட கோட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு உதைச்சாரு மேடம்," என்றார் க்ளீட்டஸ், துக்கம் விசாரிக்கிற குரலில். "பையன்க முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க. எங்களை நம்ப மாட்டேங்கறாரேன்னு நின்னாங்க. சரி, உங்க தரப்பைச் சொல்லுங்க."

வெர்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்தம்மா பஸ்ஸை நீங்க பாத்திருக்கீங்களா? பின்னாடி பூரா ஊரான் வீட்டுப் புள்ளைங்க. ஒண்ணு பாட்டிலைத் தூக்கி எறியும், ஒண்ணு வாந்தி எடுக்கும். மலைப்பாதை, ஐஸ் விழுந்த பாலம். மஞ்ச விளக்கைப் பாத்ததும் பிரேக் போடாம என்ன பண்ணச் சொல்றீங்க? அத்தனை வருஷத்துல ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது. அதைப் போய்க் குத்தம்கறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

ட்வைலா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"மேடம் பஸ் ஓட்டியிருக்கீங்க போல."

"ஓட்டியிருக்கேன்."

"சரி. பஸ்ஸை ஷெட்டுல விட்டாச்சு. உங்க சொந்த பிக்கப்ல தனியா வீட்டுக்குப் போறீங்க. மஞ்ச விளக்கு விழுது. என்ன பண்ணுவீங்க?"

"மிதிப்பேன்."

"பிரேக்கைத்தானே?"

வெர்னாவுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. வாய் முந்திக்கொண்டது. "ஆக்ஸிலரேட்டரை."

மார்லினுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பில் யாரோ சோளரொட்டித் தட்டைக் கவிழ்த்தார்கள். வெர்னாவும் சிரித்தாள், ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டர் என்ற மறுபாதியை அவள் மகனுக்குச் சொன்னதே இல்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட வயதில் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தேகம்னா பிரேக், சந்தேகம்னா பிரேக் என்று காதில் ஓதினாள். தான் மட்டும் தனியாகப் போகும்போது மஞ்சளில் பறந்தாள். பாவம், பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கின பிறகும் பஸ்ஸையே ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

நீதிபதி இடுக்கியால் அடுப்பைத் தட்டினார். "தீர்ப்பு. அந்தம்மா சொன்னது குத்தமில்ல. பாதியோட நிறுத்தினதுதான் குத்தம். மீதியை யாராவது அவங்க மகன்கிட்ட போய்ச் சொல்லட்டும்."

அப்போது முரசுச் சத்தம் கேட்டது. அணி அரங்கத்துக்கு நடந்து போகிற நேரம். எல்லோரும் தட்டைப் போட்டுவிட்டுக் கயிறு கட்டிய ஓரத்துக்கு ஓடினார்கள். வெர்னாவும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். ஆட்ட நாளில் ராய்ஸ் போனை எடுக்கமாட்டான். சொல்ல வேண்டுமென்றால் இதுதான் இடம். ஊர் முன்னால் மானம் போனால் போகட்டும், அது ஏற்கெனவே பனியனில்தானே இருக்கிறது.

வாத்தியம் போயிற்று, பையன்கள் போனார்கள். கடைசியில் ராய்ஸ் வந்தான். சாம்பல் நிறக் கோட்டு, குனிந்த தலை. இளைத்திருந்தான். கூட்டத்தில் பாதி கை தட்டவில்லை.

"ராய்ஸ்!"

அவன் நிமிர்ந்தான். கண்ணாடி அறையில் இருக்க வேண்டிய அம்மா கன்னத்தில் சாஸோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், இது பஸ் இல்லடா!"

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஒரு கணம் வெறித்துப் பார்த்துவிட்டு நடந்துவிட்டான். வெர்னா திரும்பினாள். ட்வைலா குளிர்ச்சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை அவசரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம்... நாங்க... சும்மா வேடிக்கைக்கு..."

"அந்தச் செருப்பு எனக்குப் பிடிக்கல," என்றாள் வெர்னா. "நான் பூட்ஸ் போட்டுத்தான் ஓட்டினேன். சரி, உங்களுக்கு சீட் எங்க?"

அவர்கள் வெயில் நேராக விழும் பக்கத்தில், சாய்மானம் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆட்டம் இழுபறியாகப் போயிற்று. முடியப் போகிற தறுவாயில் கொக்குகள் மூன்று புள்ளி பின்னால். நான்காவது வாய்ப்பு, ஒரு கஜம் பாக்கி. உதைக்கிற பையன் பழக்க தோஷத்தில் தானாகவே மைதானத்துக்குள் ஓடக் கிளம்பினான். மார்லின் கண்ணை மூடிக்கொண்டான்.

ராய்ஸ் பையனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். திரும்பிப் போகச் சொன்னான்.

அரங்கம் மொத்தமும் எழுந்தது. வெர்னாவின் வலது கால் சிமென்ட்டை அழுத்தியது. பந்து கை மாறிற்று. மலை மாதிரி பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். நடுவர்கள் ஒவ்வொருவராகக் கிளறி எடுத்து, தூரம் அளக்கிற, கம்பியில் கட்டிய சங்கிலியைக் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தார்கள்.

ஒரு விரற்கடை தூரம் குறைந்தது.

ஆட்டம் போயிற்று. வேலையும் போகலாம். கூட்டம் உட்காரவில்லை. முதலில் யாரோ ஒருவர் தட்டினார், பிறகு எல்லோரும். தோற்ற அணிக்கு டன்மோரில் அப்படிக் கை தட்டி வெகு காலமாயிற்று. கீழே ராய்ஸ் வெயில் விழும் பெஞ்சுகள் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினான். கண்டுபிடித்துத் தோளைக் குலுக்கினான். சிரித்துக்கொண்டிருந்தான். இந்தப் பருவம் முழுக்க அவள் பார்க்காத சிரிப்பு. வெர்னாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

க்ளீட்டஸ் மெதுவாகக் கேட்டார். "இதுக்கு யாரும்மா பொறுப்பு?"

வெர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சின் மேலேயே ஏறி நின்றாள். பஸ்ஸின் கடைசி வரிசையை அடக்கிப் பழகிய குரல் அது.

"டேய் நடுவரு! சங்கிலியை நேராப் புடிக்கத் தெரியாதாடா உனக்கு?"

அந்தக் கூடாரத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்புக்கு வந்தது அன்றைக்குத்தான்.