எரியாத கால்

என் சகலை பூமாலை அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அவருக்கு ஒரே காரணம்தான்: துரு. கதவு கிறீச்சிட்டால் துரு. மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்றால் துரு. மூத்த பெண்ணுக்கு வரன் அமையாமல் தள்ளிப்போனபோது, தரகருக்கு மூளை துருப்பிடித்துவிட்டது என்றார். இப்படிப்பட்ட மனுஷரிடம் ஒருத்தன் வந்து, உங்கள் நரம்பில் துரு ஏறியிருக்கிறது, அதை எடுக்க மாத்திரை இருக்கிறது என்று சொன்னால் விடுவாரா?

அக்காவைக் கட்டியவர் அவர். தங்கையைக் கட்டியவன் நான். மாமனார் போட்ட சீரில் ஆயிரம் வித்தியாசம் இருந்தாலும் சர்க்கரை வியாதி மட்டும் இருவருக்கும் வஞ்சனை இல்லாமல் வந்தது. கூடவே பாத எரிச்சலும். பச்சை மிளகாயை அரைத்துப் பூசிய மாதிரி எரியும். போர்வை பட்டால்கூடப் பொறுக்காது. பெரம்பலூரில் எனக்கு உரக்கடை. மேஜைக்கு அடியில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் வியாபாரம் பார்ப்பேன்.

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘இலவச ஆரோக்கிய முகாம்’ நடந்தது. நடத்தியவன் பெயர் ராஜராஜன். போன வருஷம் வரை மீன்சுருட்டிப் பக்கம் மனை விற்றுக்கொண்டிருந்தவன். பைபாஸ் வரப்போகிறது என்று சொன்ன அதே வாயால் இப்போது ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்றான். மேடையில் ஓர் ஆப்பிளை வெட்டி வைத்தான். அது கறுத்ததும், “இதுதான் உங்க நரம்பு” என்றான். துருப்பிடித்த ஆணி ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இதுவும் உங்க நரம்பு” என்றான். சகலை முன்வரிசையில் எழுந்தே நின்றுவிட்டாராம்.

“பிளான்ட்ல நாங்க இரும்பு துருப்பிடிக்காம ரெட் ஆக்சைடு அடிப்போம்ல மணி, அதே தத்துவம்தான். இது உள்ளாற அடிக்கிறது, அவ்வளவுதான்” என்று எனக்கு விளக்கினார்.

பச்சையும் தங்க நிறமுமாக, கட்டைவிரல் தடிமனில் கேப்ஸ்யூல். வேளைக்கு இரண்டு. டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி ராஜராஜன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன். “உங்க உடம்பே சொல்லும்ணே” என்று மட்டும் சொன்னான். சகலையின் உடம்பும் உடனே சொல்லிவிட்டது: சர்க்கரை மாத்திரை இனி தேவையில்லை, சாயங்காலம் போண்டா சாப்பிடலாம் என்று.

ஐந்தாவது மாதம் எரிச்சல் அடியோடு நின்றுபோனது. அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. தினமும் காலையில், நான் பல் விளக்கி முடிப்பதற்குள் போன் வரும்.

“என்ன மணி, இன்னும் எரியுதா?”

“எரியுதுண்ணே.”

“எனக்குச் சுத்தமா இல்லப்பா. தொட்டாக்கூடத் தெரியல. அவ்வளவு சுகம்.”

தொட்டாலும் தெரியவில்லை என்பதைச் சுகம் என்று சொன்ன மனுஷரைக் கேள்வி கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. பொறாமை என் கண்ணை மறைத்தது. நானும் இரண்டு மாதம் அந்தக் கேப்ஸ்யூலை விழுங்கிப் பார்த்தேன். ஏப்பம் வந்ததுதான் மிச்சம். “நம்பிக்கை இல்லாம முழுங்குனா பட்டாணி முழுங்குன மாதிரிதான் இருக்கும்” என்று சகலை தீர்ப்புச் சொன்னார்.

என் டாக்டரிடம் இதைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அந்தக் கேப்ஸ்யூல் சில பேருக்குக் கொஞ்சம் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. சர்க்கரையைக் குறைக்காம அதை மட்டும் முழுங்கிப் பிரயோஜனம் இல்ல. எரிச்சல் தானா நின்னுபோச்சுங்கறாரே, அவரை உடனே காலைக் காட்டச் சொல்லுங்க. நரம்பு செத்துப்போனாலும் எரியாது” என்றார். அதைச் சகலையிடம் சொன்னேன். டாக்டருக்குத் தொழில் போட்டி என்றார். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளம் வெளுத்துவிட்டது, டானிக் கொடு என்று விவசாயி கடைக்கு வருவான். வேரைப் பிடுங்கிப் பார்த்தாயா என்று கேட்பதுதான் முறை. நான் டானிக்கை எடுத்துக் கொடுத்துவிடுவேன். இலை நாலு நாள் பச்சையாக இருக்கும், அவனும் சந்தோஷமாக இருப்பான். வேர் அழுகுவது அதன்பாட்டுக்கு நடக்கும். ராஜராஜனைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

பங்குனியில் ஒருநாள் கலியம்மாள் அக்கா, அதாவது சகலையின் மனைவி, போன் செய்தார்.

“தம்பி, நேத்து இவரு ஒத்தச் செருப்போட வூட்டுக்கு வந்தாரு. இன்னொண்ணு எங்கன்னா, கால்லதான் இருக்குங்கறாரு. குனிஞ்சு பாருங்கன்னேன். பாத்துட்டு, அட ஆமாங்கறாரு.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி மலர்கொடியைக் கூப்பிட்டுச் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கல்லங்குறிச்சிப் பெருமாள் இவர்கள் குலதெய்வம். அக்கா பெயரில் உள்ள ‘கலி’யே அந்தக் கலியுகப் பெருமாள் கொடுத்ததுதான். தேரன்றைக்கு அரியலூர் வீட்டிலிருந்து செருப்பில்லாமல் நடந்து போவது குடும்ப வழக்கம். எரிச்சல் வந்த நாளிலிருந்து சகலை ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார். இந்த வருஷம் நடப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ராஜராஜனும் போனைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். நடக்க முடியாதவர் நடக்கிறார் என்று வீடியோ எடுத்துப் போடப் போகிறானாம்.

நாங்கள் கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. தார் இளகிக் கிடந்தது. நான் செருப்பைக் கழற்றவில்லை. பெருமாள் கோபித்துக்கொண்டால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மற்ற ஜனமெல்லாம் ரோட்டோரப் புல்லிலும் வேப்பமர நிழலிலும் தாவித் தாவி ஓடியது. நடு ரோட்டில் சகலை மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி நிதானமாக நடந்தார். கோயில் நெருங்கியதும் ராஜராஜன் அவரை வெயிலில் நிற்க வைத்துப் பேசச் சொன்னான்.

“பாருங்க மக்களே, எல்லாரும் ஓடுறாங்க. நான் நிக்கிறேன். ஆறு மாசம் முன்னாடி இந்தக் காலால பாய்ல நிக்க முடியாது” என்றார் சகலை. சரியாக வரவில்லை என்று ராஜராஜன் மறுபடி எடுத்தான். மூன்றாம் தடவையும் எடுத்தான். ஒரு கிழவி நிழலிலிருந்து, “சாமி வந்திருக்கு அந்த மனுஷனுக்கு” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

தேர் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கால் கழுவப் போனோம். தொட்டியைச் சுற்றிச் சிமெண்ட் தரை. சகலை முன்னால் போனார், நான் பின்னால். அவருடைய வலது பாதம் பட்ட இடமெல்லாம் சிவப்பாக இருந்தது.

“அண்ணே, கால்ல என்ன?”

குனிந்து பார்த்தார். “குங்குமத்தை மிதிச்சுட்டேன் போல” என்றார்.

அவரைத் தொட்டி விளிம்பில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதம் முழுக்கத் தோல் கொப்புளித்துக் கழன்று தொங்கியது. பெருவிரலுக்குக் கீழே ஒரு பந்தல் ஆணி, தலைவரை இறங்கியிருந்தது. முழுக்கத் துரு. எங்கே ஏறியது, எந்த நேரத்தில் ஏறியது என்று அவருக்கும் தெரியவில்லை. ராஜராஜனைத் தேடினேன். ஆளைக் காணவில்லை. என் துண்டை அவர் காலில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஆணியை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு, டாக்டரம்மா சகலையைக் கட்டிலில் படுக்க வைத்து ஆணி ஏறாத இடது காலை எடுத்துக்கொண்டார். நைலான் நூல் மாதிரி ஒன்று அவர் கையில் இருந்தது.

“கண்ணை மூடிக்குங்க. நான் தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லணும், சரியா?”

“சரிங்கம்மா.”

பெருவிரல் நுனியில் தொட்டார். சுண்டுவிரலில் தொட்டார். நடுப்பாதத்தில், குதிகாலில், ஓரத்தில். நூல் வளைகிற அளவுக்கு அழுத்தித் தொட்டார். நான் எண்ணிக்கொண்டு வந்தேன். பத்து இடம். கலியம்மாள் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

சகலை கண்ணை மூடியபடியே பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் ரெடிம்மா, ஆரம்பிங்க” என்றார்.

டாக்டரம்மா நூலைப் பைக்குள் வைத்துவிட்டார்.

புண் சீழ் பிடித்து, வலது காலில் பெருவிரலும் பக்கத்து விரலும் போயின. இன்னும் நாலு நாள் கழித்து வந்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள். கேப்ஸ்யூல் போய் இன்சுலின் ஊசி வந்தது. தினமும் அக்கா கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறார். ராஜராஜன் இப்போது வேறு ஊரில் முழங்கால் வலிக்கு ஏதோ விற்கிறானாம். அந்த வீடியோ மட்டும் இன்னும் ஊரைச் சுற்றுகிறது. போன வாரம் கடைக்கு வந்த ஒரு விவசாயி, “சார், இது உங்களுக்கும் கேக்கும், பாருங்க” என்று என் போனுக்கே அனுப்பிவைத்தார். அவருக்குப் பயிர் வெளுத்த கவலை. முதலில் வேரைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். வேறு கடையில் டானிக் வாங்கியிருப்பார்.

நேற்று மத்தியானம் சகலையைப் பார்க்கப் போனேன். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு சின்னதாகியிருந்தது. நான் உள்ளே போனதும் செருப்பைக் கழற்றி, பாதம் இரண்டையும் குளிர்ந்த தரையில் தேய்த்துக்கொண்டேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மணி, இன்னும் எரியுதா?”

“எரியுதுண்ணே. உயிர் போவுது.”

அவர் சிரிக்கவில்லை. பார்வை என் பாதத்தை விட்டு நகரவே இல்லை.

“குடுத்து வச்சவன்யா நீ” என்றார்.