அழித்துப் பார்த்த மரங்கொத்தி

பூங்காவில் மாமியார் பதிவு செய்த பறவைக் குரல்களெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அது பழுதானால் என்ன செய்வது என்று, மருமகள் பேக்கப் எடுக்கும் மென்பொருள்கள் மூன்றைக் காட்டினாள்.

இரண்டில் கேள்விமேல் கேள்வி. மாமியாருக்குத் தலை சுற்றியது. மூன்றாவதில் இரண்டே பொத்தான்கள்: 'சேமி', 'மீட்டெடு'.

"இது நிஜமாவே வேலை செய்யுமா?"

"பார்த்துடலாம் அத்தை." அவள் 'சேமி'யை அமுக்கினாள். குரல்களெல்லாம் கம்ப்யூட்டரில் செருகிய வெளி டிஸ்க்கில் நகலானதும், மருமகள் கம்ப்யூட்டரிலிருந்த மரங்கொத்தி ஃபைலை அழித்தாள்.

"அடிப்பாவி!"

"இப்ப நீங்களே மீட்டெடுங்க."

மாமியார் 'மீட்டெடு' பொத்தானை அமுக்கினார். ஃபைல் வந்தது. திறந்ததும் மரங்கொத்தி டொக் டொக்கென்று தட்டியது. அதன் பின்னால், பதிவு செய்த அன்று பெய்த தூறலும் அப்படியே கேட்டது.

அவருக்குப் புல்லரித்தது. "மழைகூடத் திரும்ப வந்துடுச்சும்மா!"

"அப்ப இதையே வச்சுக்கலாமா?"

"பேசாம இரு, மழையை முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன்."