கற்பூரம் அடித்த கை

சோறு வடித்த கஞ்சிக் குண்டானை அடுப்பங்கரை வாசலில் தரையிலேயே வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் எழிலரசிதான். துணி எடுக்கிற சாக்கில் தங்கைக்குப் போன் போட்டாள். ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது கீழே அவள் மகள் கவிநிலா வீறிட்டாள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ.

இறங்கி ஓடிவந்தபோது குண்டான் கவிழ்ந்து கிடந்தது. ஓரகத்தி தனம் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அதன் வெந்த கையைப் பின்கட்டுக் குழாயில் காட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, ஆட்டோ கூப்புடுங்க" என்றாள். எழிலரசி கூப்பிடவில்லை. சூடான எதையும் தரையில் வைக்காதே என்று அவள் புருஷன் வளவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். கை நீட்டியும் சொல்லியிருக்கிறான். பெற்றவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது தன் கன்னம்தான். அப்படியே நின்றாள். தனம் குழாயில் காட்டிக்கொண்டே இருந்தாள்.

கோயிலுக்குப் போயிருந்த மாமியார் காசியம்மாள் திரும்பி வந்து பார்த்தது இந்தக் கோலத்தைத்தான். வெந்த புண்ணில் தண்ணீர் பட்டால் கொப்பளித்துவிடும் என்று நம்புகிறவள் அவள். குழந்தையைப் பிடுங்கி, கை முழுக்க பேஸ்ட்டை அப்பினாள்.

"இன்னாடி பண்ண என் பேத்திய?"

"அதுவே இழுத்துக் கொட்டிக்கிச்சு அத்த. இன்னும் கொஞ்சம் தண்ணில காட்டணும், குடுங்க."

"குண்டான இங்க வெச்சது யாரு?"

தனம் எழிலரசியைப் பார்த்தாள்.

"நான் மாடில இருந்தேன் அத்த" என்றாள் எழிலரசி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"நாலு வருசமா உன் வவுறு தொறக்கல. அடுத்தவ புள்ளயப் பாத்தா எரியுதாடி உனக்கு?" காசியம்மாள் தனத்தின் தலைமுடியைப் பிடித்தாள். "நீ பண்ணலன்னா கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணு."

குழந்தை துடித்துக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில் அந்த வீட்டில் தீப்பெட்டி தேடினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். உண்மை சொல்கிறவளுக்குச் சுடாது என்பது கணக்கு. வழக்கமாக ஒரு சின்னத் துண்டுதான் வைப்பார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. காசியம்மாள் டப்பாவையே கவிழ்த்துக் கொளுத்தினாள். தனம் தயங்கவில்லை, ஓங்கி அடித்தாள். தீ அணைந்தது. உருகிய கற்பூரம் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரித்துக் காட்டச் சொன்னபோது உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"பாரு, அண்ணாமலையாரே காட்டிக் குடுத்துட்டாரு."

குண்டானை வைத்தது நான்தான் என்று சொல்ல எழிலரசிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. வாசலில் வளவனின் பைக் சத்தம் கேட்டது. வந்த சொல் வந்த வழியே போய்விட்டது. அவனிடம் பேசியதெல்லாம் காசியம்மாள்தான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது வளவனும் எழிலரசியும் மட்டும்தான். அங்கே நர்ஸ் பேஸ்ட்டைக் கழுவிக் கழுவி எடுத்தாள். அழுது அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது. டாக்டரம்மா குனிந்து பார்த்தாள்.

"உடனே தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்துனோங்க."

"நல்ல காரியம் பண்ணீங்க. அதான் ஆழமாப் போகல. யாரு ஊத்துனது?"

வளவனும் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் டாக்டர்" என்றாள் எழிலரசி.

வளவன் அவள் தோளில் கை வைத்தான். கல்யாணமான நாளாக அந்தக் கை இவ்வளவு மெதுவாக அவள் மேல் பட்டதில்லை. வெட்கம்கெட்ட மனசு, அதற்கும் கொஞ்சம் சந்தோஷப்பட்டது.

அப்போதுதான் கதவோரம் தனம் நிற்பதைப் பார்த்தாள். ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள். எல்லாம் கேட்டிருக்கும்.

"இவ எதுக்கு இங்க வந்தா?" என்றான் வளவன்.

நர்ஸுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் கண்ணில் பட்டது தனத்தின் மூடவும் முடியாத, விரிக்கவும் முடியாத கை. "உனக்கு இன்னாம்மா ஆச்சு?"

"கற்பூரம் சுட்டுடுச்சுங்க."

"வேண்டுதலா?"

தனம் எழிலரசியைப் பார்த்தாள். எழிலரசி கட்டுப் போட்ட குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றாள் தனம்.

"இந்த ஊர்ல இது ஒரு தினுசு பக்தி. வா, இப்படி வந்து காட்டு."

நர்ஸ் குழாயைத் திறந்தாள். தனம் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். கவிநிலா அழுகையை நிறுத்திவிட்டு, கட்டுப் போடாத கையை நீட்டி, "சித்தி" என்று அந்தப் பக்கம் தாவினாள். எழிலரசி குழந்தையின் முகத்தைத் தன் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.