துணிக்கொடி பார்த்து வீடு தேடியவர்

புது இடத்துக்குக் குடிபோகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஆளாளுக்கு ஒன்றைப் பார்ப்பார்கள். சிலர் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். சிலர் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள். நம்ம தையல்காரர் அண்ணாந்து பார்ப்பார். பால்கனியிலும் மொட்டை மாடியிலும் என்ன துணி காய்கிறது என்று கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்ப்பார். யார் வீட்டை நோட்டம் விடுகிறான் இவன் என்று போகிற வருகிற ஆட்கள் முறைத்தால், அதைக் காதிலும் கண்ணிலும் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷனின் கணக்கு சரியான கணக்குதான். அவர் புதுத்துணி தைப்பவர் இல்லை. தைத்ததைத் திருத்துகிறவர். இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது. கொடியில் எல்லாம் புத்தம் புதுசாகத் தொங்கினால் அது கிழிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிற ஜனம், அங்கே வேலை கிடைக்காது. பழைய மடிப்புக் கோடு தெரிய, நறுவிசாக இறக்கிவிட்ட பேன்ட்டுகள் தொங்கினால் ஏற்கெனவே ஒரு கைகாரன் அங்கே கடை போட்டிருக்கிறான். வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூல் பொத்தான், ஏறி இறங்கும் ஓரம், இடுப்பில் ஊக்கு குத்திய பாவாடை என்று தெரிந்தால்தான் உட்காரலாம். துணியை எறிய மனசு வராத ஜனம், தைத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

அவர் மனைவி நர்ஸ். பதினாறு வருஷமாக டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறாள். வாரம் மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடக்கிறவர்களுக்கு அவள்தான் ஊசி போட வேண்டும். வேறு யாராவது கிட்டே வந்தால் கையை இழுத்துக்கொள்வார்கள். அவளுடைய ஆஸ்பத்திரிக்காரர்கள் இப்போது வேறொரு நகரத்தில் இருபது மெஷினோடு ஒரு பிரிவு புதிதாகத் திறக்கிறார்கள், அதை நடத்த அவளைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவது இது மூன்றாவது தடவை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர். இரண்டு தடவையும் புருஷனும் பெண்டாட்டியும் போய்ப் பார்த்தார்கள். இவர் அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவள் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதி அனுப்பிவிட்டுப் பழைய வார்டுக்கே போனாள்.

இந்தத் தடவை போனில் பேசிய ஆஸ்பத்திரி அதிகாரி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இதுக்கு மேல உங்களைக் கேட்க மாட்டோம் சிஸ்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் வேணும்."

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் இரண்டு பேரும் வந்து இறங்கியிருந்தார்கள். திரும்பிப் போக நாலரை மணிக்கு பஸ். வரும்போதே அவள் சொல்லியிருந்தாள்.

"உங்களுக்கு உட்கார ஒரு இடம் கிடைச்சா வருவோம். இல்லேன்னா வேணாம். உங்களை வீட்ல சும்மா உட்கார வச்சுட்டு என்னால நிம்மதியா வேலை பார்க்க முடியாது."

இப்படி ஒரு நல்ல மனசு வாய்த்தவளிடம் ஒரு ஆள் எவ்வளவு எச்சரிக்கையாக நடந்துகொள்ள வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் உயரமான குடியிருப்புகளுக்குப் போனார்கள். பதினெட்டு மாடி. ஒரு மாடியில்கூட ஒரு கைக்குட்டை காயவில்லை. "எல்லாம் மெஷின்லயே காயுது" என்றார் அவர். குற்றம் கண்டுபிடித்த திருப்தி முகத்தில் நன்றாகவே தெரிந்தது. வழியில் கல்லூரி விடுதியிலிருந்து மகள் போன் பண்ணினாள். "அப்பா இதுவரைக்கும் எத்தனை தெருவை ஃபெயில் ஆக்கினார்?" என்று கேட்டாள். "ஒண்ணுதான், இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கார்" என்றாள் அம்மா.

பத்தரைக்கு அவள் புதுப் பிரிவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குள் போனாள். வேலைக்குப் போகிற மாதிரியே இருக்கட்டும் என்று வெள்ளை யூனிஃபார்ம் போட்டு, மேலே நீளமான கோட் மாட்டியிருந்தாள். இவர் தனியாகப் பேருந்து பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களுக்குப் போனார்.

இரண்டாவது தெருவிலேயே கால் நின்றுவிட்டது. பள்ளிக்கூட பேன்ட் ஒன்று, கீழ் மடிப்பு முழுக்க ஸ்டேப்ளர் பின். பக்கத்து வீட்டில் டிரைவர் சட்டை, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எதிர்வீட்டுப் போர்வையில் மீன் பிடிக்கிற நரம்பால் தையல். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். பதினாலில் நிறுத்தினார். தெரு முக்கில், சாவி போடுகிற கடைக்குப் பக்கத்தில், ஷட்டர் பாதி தூக்கிய ஒரு காலிக் கடை. வாடகைக்கு என்று அட்டை, கீழே போன் நம்பர். கை சும்மா இருக்குமா? பையிலிருந்து டேப் வெளியே வந்தது. எட்டுக்குப் பத்து. தையல் மெஷினை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் போடலாம், இஸ்திரி மேஜையை உள்ளே தள்ளலாம். சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டுக்கூடப் பார்த்தார்.

மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள். அவர் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்துவிட்டாள்.

"தைக்கிறவரா? எப்பங்க கடை திறக்கிறீங்க?"

"இல்லம்மா, சும்மா பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தரையில் போட்ட கோட்டைச் செருப்பால் அழித்துவிட்டு, விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அவருக்குப் பயம். வேறொன்றும் இல்லை. இருபத்துநாலு வயதில் தெரியாத ஊரில் ஒரு கடை போட்டு, பதினோரு வாரம் ஈ ஓட்டியவர் அவர். தினமும் காலையில் கடையைத் திறந்து, மெஷினைத் துடைத்து, போகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருத்தரும் திரும்பவில்லை. இப்போது நாற்பத்தொன்பது வயது. அவருடைய சந்தில் நாலு அலுவலகத்து ஆட்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஏழு பேர் நிறுத்திப் பேசுகிறார்கள். அதை விட்டுவிட்டு மறுபடியும் முகம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

ஒன்றரை மணிக்கு அவள் வந்தாள். வாயெல்லாம் பல்.

"கிழக்குப் பக்கம் பூரா ஜன்னல். நாலு மணி நேரம் படுத்திருக்கிறவங்க சுவத்தைப் பார்க்க வேணாம், மரத்தைப் பார்க்கலாம். கட்டிலை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போடணும், ஊசி போடுற கை வெளிச்சத்துல இருக்கிற மாதிரி. சொன்னேன். உடனே எழுதிக்கிட்டாங்க, தெரியுமா? நான் சொன்னதை எழுதிக்கிட்டாங்க." மூச்சு விட்டுக்கொண்டு கேட்டாள். "நீங்க போன இடம் எப்படி?"

"ஒண்ணும் சரியில்ல."

"பின்னாடித் தெருவெல்லாம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஏற்கெனவே ஒரு ஆள் நல்லா வேலை பண்றான்" என்று வாய் கூசாமல் சொன்னார்.

அவள் அப்படியே நம்பினாள். இருபத்திரண்டு வருஷமாகத் தையல் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். மூன்றாவதாக ஒரு பகுதிக்குப் போனார்கள். அங்கே நிஜமாகவே ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னபோதும் அவருக்கு நாக்கு குழறியது.

பேருந்து நிலையத்தில் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி மூன்றே முக்கால். அவள் போனை எடுத்து ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

"குடும்பச் சூழ்நிலைன்னே போடட்டுமா? போன தடவையும் அதையேதான் போட்டேன். வேற எதாவது தோணுதா?"

"அதுவே போதும்."

"சரி" என்றாள். உட்கார்ந்தவாறே ஒரு காலைத் தூக்கி மறு கால்மேல் போட்டாள். கோட் விலகியது.

பழக்க தோஷம், அவர் கண் துணிக்குத்தான் போகும். அவளுடைய வெள்ளை பேன்ட்டின் கீழ் மடிப்பில் தையல் இல்லை. ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற மருத்துவ பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி உள்பக்கமாக ஒட்டியிருந்தாள். ஓரத்தில் அழுக்கேறிச் சுருண்டு கிடந்தது. இன்றைக்கு ஒட்டியது இல்லை.

"இது எப்பலேர்ந்து?"

"எது? ஓ, இதுவா. ரெண்டு மாசம் இருக்கும்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தடவை உங்க மெஷின் மேல வச்சேன். அடுத்தவங்க துணியெல்லாம் மேல விழுந்து அடியில போயிடுச்சு. அவசரத்துக்கு எடுத்து ஒட்டிக்கிட்டேன்." அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. "அனுப்பிடட்டுமா?"

காலையிலிருந்து ஊராரின் பேன்ட்டை அண்ணாந்து அண்ணாந்து எண்ணியவர், குனிந்து அந்த பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து என்று மனசு தானாகவே எண்ணியது.

"அனுப்பாதே" என்றார். "அங்க யாரும் வேலை பண்ணல. கடை காலியா இருக்கு. எட்டுக்குப் பத்து. ஒரு அம்மா எப்பத் திறப்பீங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலை. அவள் கேள்விதான் கேட்டாள்.

"அப்போ போன ரெண்டு தடவை?"

"முதல் தடவை சொன்னது நிஜம்."

"ரெண்டாவது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் அவள் போட்ட இரவு டியூட்டி எத்தனை, அந்த வேறு ஊரில் அவளுடைய இடத்துக்கு யார் வந்தார்கள், அவர் கேட்டதே இல்லை. அவள் போனில் அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். புதிதாக ஒரே ஒரு வார்த்தை அடித்து அனுப்பினாள். அவர் எட்டிப் பார்த்தார். 'வருகிறேன்' என்று இருந்தது.

"வருகிறோம்னு போடலையா?" என்று கேட்டார், மெதுவாக.

"வேலைக்குப் போறது நான். நீங்க வர்றது உங்க இஷ்டம். உங்களுக்கும் சேர்த்து நான் யோசிச்சது போதும்."

சொல்லிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்தார். காலையில் காலிக் கடை அட்டையிலிருந்து எதற்கென்று தெரியாமல் குறித்து வைத்த நம்பர் அது. போன் போட்டு, அவள் காதில் விழுகிற மாதிரியே பேசினார். கடை தனக்கு வேண்டும் என்றார், அடுத்த மாதம் முதல் என்றார். அவள் திரும்பவில்லை.

போனை வைத்துவிட்டு, சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்தார். வெள்ளை நூல் கோத்தார். நாலு பேர் பார்க்கிற பேருந்து நிலையத்தில், பெஞ்சுக்கு முன்னால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பிளாஸ்திரியை ஒவ்வொன்றாக உரித்தார். பசை அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

ஒரு கால் தைத்து முடித்ததும் அவள் மறு காலை நீட்டினாள்.