தூதரகத்துக்கு ஒரு கடிதம்

மாவட்டச் சங்கத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை மேரிசெல்வி மூன்றாவது முறையாகப் படித்துக் காட்டினாள். காலை வேலை முடிந்து, உப்பளத் தொழிலாளர்கள் நாற்பது பேர் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மும்பை ரயில்களில் குண்டு வெடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பாகிஸ்தானோடு நடக்கவிருந்த பேச்சுவார்த்தையை டெல்லி தள்ளிவைத்திருந்தது. குண்டு வைத்தவர்களைப் பிடியுங்கள், பேச்சை நிறுத்தாதீர்கள், போர் வேண்டாம் என்று ஒவ்வொரு கிளையும் தீர்மானம் போட வேண்டும். ஒரு நகல் பிரதமர் அலுவலகத்துக்கு, இன்னொன்று டெல்லியில் உள்ள பாகிஸ்தான் தூதரகத்துக்கு.

"தண்ணி வண்டி ரெண்டு நாளா வரல. அதுக்கு இன்னா தீர்மானம்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"அது ரெண்டாவது தீர்மானமா இருக்குதுங்க."

"அத மொதல்ல போடு."

மேரிசெல்வி அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். கிளைச் செயலாளராகி நான்கு வருஷத்தில் அவள் அதிகம் செய்த வேலை அதுதான்.

சங்கத் தலைவர் பச்சமுத்து தொண்டையைச் செருமினார். "ஒரே அடியா அடிச்சி முடிச்சிட்டா தொல்ல விட்டுது. பேசிப் பேசி இன்னாத்த கண்டோம்?"

"போன வருசம் கூலி ஏத்தினாங்களே, அடிச்சா வாங்கின அண்ணே? பதினோரு தடவ போய்ப் பேசித்தான வாங்கின" என்றாள் மேரிசெல்வி.

"மொதலாளி வேற, பாகிஸ்தான் வேற."

"மொதலாளி உன் மேல போலீஸ ஏவினாரு. மறுநாளே அவருக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்தியா இல்லயா?"

பச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. ஆனா குண்டு வெச்சவன புடிக்கணும்னு மொத வரியிலயே எழுது" என்றார். அந்தத் தீர்மானத்தின் முதல் வரியில் அதுதான் இருந்தது. மேரிசெல்வி அதன் கீழே ஒரு கோடு போட்டாள்.

முதல் கையெழுத்து திரௌபதியுடையதாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். திரௌபதியின் மகன் தேவா ராணுவத்தில், காஷ்மீர் எல்லையில் இருந்தான். திரௌபதி பேனாவைத் தொடவே இல்லை.

"போன்ல அவங்கிட்ட கேட்டேன். எந்த பேப்பர்லயும் கையெழுத்து போட்டுடாதம்மா, ஆபீசர் காதுக்குப் போனா எனக்குத்தான் கஷ்டம்னு சொல்லிட்டான்."

"உன் புள்ளைக்காகத்தான்கா இதயே எழுதுறோம்."

"தெரியுது. போட மாட்டேன்."

அடுத்தது ரவூப். கூனிமேட்டிலிருந்து வந்து லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவன். அவன் மெதுவாக, "அக்கா, இதுல எம்பேரு வேணாம். உங்களுக்கே தெரியும்" என்றான்.

அதற்குள் மேரிசெல்விக்குப் பொறுமை போய்விட்டது. "சங்கத்து நோட்டுல பேரு இருக்குது, இதுல இல்லன்னா எப்படிப்பா? எல்லாரும் போடுறாங்க இல்ல. நீ ஒதுங்கினா அதுதான் தப்பாத் தெரியும்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

தபால் நிலையத்தில் இருந்தவர் இரண்டாவது உறையின் முகவரியை இரண்டு தரம் படித்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "இது எதுக்கும்மா?"

"போர் வேணாம்னு சொல்றதுக்கு. ரிஜிஸ்டர் பண்ணுங்க சார்."

மூன்றாம் நாள் ஏட்டு ஒருவர் உப்பளத்துக்கே வந்தார். கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கையெழுத்துகள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ரவூப் யாரு? ஸ்டேஷனுக்கு வரணும்."

"முப்பத்தெட்டு பேரு போட்டிருக்கோம். இவன் மட்டும் எதுக்கு?" என்றாள் மேரிசெல்வி. "எழுதினது நான். மொத கையெழுத்து என்னோடது."

"உன்ன கூப்ட்டா வா."

அவள் கூப்பிடாமலே போனாள். வாரிய உப்பைப் பாத்தி ஓரத்தில் அப்படியே போட்டுவிட்டு இன்னும் பதினாலு பேர் போனார்கள். அவர்களுக்கு முன்னால் பச்சமுத்து நடந்தார். ரவூப்பை உள்ளே வைத்துக்கொண்டு இவர்களை வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். இதோ இன்ஸ்பெக்டர் வர்றார் என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அதையே சொன்னார்கள். நாலு மணிக்கு அவர் வந்தபோது எல்லோருக்கும் முன்னால் எழுந்து போனவள் திரௌபதி.

"எம்புள்ள பார்டர்ல நிக்கிறான் சார். அந்த பேப்பர் அவனுக்காக எழுதினது. அந்தப் பையன விசாரிக்கிறதா இருந்தா என்னயும் விசாரிங்க."

ஏட்டு நகலைப் புரட்டினார். "நீ கையெழுத்தே போடலயேம்மா."

"போடல. குடுங்க, இப்ப போடுறேன்."

மேசை ஓரத்தில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். மேரிசெல்வியின் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டர் கடிதம் முழுவதையும் படித்தார். தண்ணீர் வண்டித் தீர்மானத்தையும் விடவில்லை. "இதுல தப்பு ஒண்ணும் இல்ல. எம்பசிக்கு நேரா அனுப்பாதீங்க, அவ்ளோதான். கூட்டிக்கினு போங்க" என்றார்.

வெளியே வந்த ரவூப் ரோட்டுக்கு வந்ததும் நின்றான். "பாஸ்போர்ட் எங்க வெச்சிருக்கன்னு கேக்குறாங்கக்கா. நான் மெட்ராஸுக்கே ரெண்டு தடவதான் போயிருக்கேன். வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"சொன்ன. நான்தான் கேக்கல. தப்பு என்னுதுதாம்பா."

அவன் பஸ் ஏறிவிட்டான். அதன் பிறகு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை.

அரசாங்கத்துக்குப் புத்தி வரவில்லை என்று கத்துவது மேரிசெல்விக்குச் சுலபமாக இருந்தது. வேண்டாம் என்றவன் கையில் பேனாவைத் திணித்ததை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

செப்டம்பரில், கியூபாவில் இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்தார்கள், மறுபடி பேசச் சம்மதித்தார்கள் என்று பேப்பரில் வந்தது. "நம்ம லெட்டரு போய்ச் சேந்துடுச்சி போல" என்று பச்சமுத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேரிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. டெல்லியிலிருந்து ஒரு வரி பதில்கூட வந்திருக்கவில்லை.

அன்றே கூனிமேட்டுக்குப் போனாள். ரவூப் வீட்டு வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான்.

"நல்லதுதான்" என்றான். உள்ளே திரும்பி டீ போடச் சொன்னான். பிறகு, "சங்கத்துக்கு வர்றேன்கா. ஆனா இனிமே நான் வேணாம்னா வேணாம்தான்" என்றான்.

"சரிப்பா" என்றாள் மேரிசெல்வி. டீ வரும்வரை அவன் பெடலைச் சுற்றினான், அவள் செயினில் எண்ணெய் விட்டாள்.